ப்ஷிப்ராம் காட்டுக் காளான்: கூடைக்குள் வந்துசேரும் ஈயமும் காட்மியமும்

செக் நாட்டில் கோடை முடிகிற நேரத்தில் இரண்டு நாள் நல்ல மழை பெய்து, பின்னாலேயே இளவெயில் அடித்தால் போதும். அடுத்த சனிக்கிழமை காலை ரயில்களில் பிரம்புக் கூடைகள் ஏறிவிடும். தாத்தா, பாட்டி, பேரப்பிள்ளை என்று குடும்பமாகக் காட்டுக்குக் கிளம்புவார்கள். அந்த நாட்டில் பத்துப் பேரில் ஏழு பேர் ஆண்டுக்கு ஒரு முறையாவது காளான் பொறுக்கப் போகிறவர்கள். ஒரு குடும்பம் ஆண்டுக்குச் சராசரியாக ஐந்தாறு கிலோ கொண்டுவருகிறது; பத்துக் கிலோவைத் தாண்டும் வீடுகளும் உண்டு. காடு யாருக்குச் சொந்தமாக இருந்தாலும் வீட்டுத் தேவைக்குக் காளான் எடுத்துக்கொள்ள 1995-ஆம் ஆண்டின் வனச் சட்டமே உரிமை தருகிறது.

பொறுக்கியது நல்ல காளானா, விஷக் காளானா என்று சந்தேகம் வந்தால் கேட்கவும் இடம் இருக்கிறது. ப்ராக் நகரில் செக் காளானியல் கழகம் ஓர் ஆலோசனை மையம் நடத்துகிறது. கூடையை மேசையில் கவிழ்த்தால், நிபுணர் ஒவ்வொன்றாக எடுத்து மோந்து பார்ப்பார், தண்டை ஒடித்துச் சதை நிறம் மாறுகிறதா என்று பார்ப்பார், அடித்தண்டில் உறை இருக்கிறதா என்று விரலால் தடவுவார். ஆளைக் கொல்லும் அமனிட்டா ஒன்று கலந்திருந்தால் அந்த மேசையில் அது மாட்டிக்கொள்ளும்.

ஆனால் ஈய உருக்காலைக்குப் பக்கத்துக் காட்டில் முளைத்த ஒரு குடைக்காளானையும், நூறு கிலோமீட்டர் தள்ளிச் சுத்தமான காட்டில் முளைத்த இன்னொன்றையும் அதே மேசையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால், எந்த நிபுணராலும் வித்தியாசம் சொல்ல முடியாது. வாசனை ஒன்று, தண்டில் உள்ள வளையம் ஒன்று, ருசியும் ஒன்று. இனத்தை அடையாளம் காணும் அறிவு எவ்வளவு கூர்மையாக இருந்தாலும் உலோகத்தை அது பிடிக்காது. இதை நேராகக் காட்டும் ஓர் ஊர் ப்ஷிப்ராம். அதனால்தான் அந்த ஊரை இந்த ஆய்வுக்கு எடுத்துக்கொண்டேன்.

ஊரும் உருக்காலையும்

ப்ராக்கிலிருந்து தென்மேற்கே சுமார் 60 கிலோமீட்டரில், பிர்தி மலைக்காடுகளின் ஓரத்தில் இருக்கிறது ப்ஷிப்ராம். வெள்ளியும் ஈயமும் தோண்டி வாழ்ந்த ஊர். இங்குள்ள வோய்த்தேக் சுரங்கம் 1875-இல் செங்குத்தாக 1000 மீட்டர் ஆழத்தைத் தொட்டது. உலகத்தில் அந்த ஆழத்தை முதலில் எட்டிய சுரங்கம் அதுதான். தோண்டிய தாதுவை உருக்க 1786-இல் லிதாவ்கா ஆற்றுப் பள்ளத்தாக்கில் உருக்காலை வந்தது. 1972 வரை தாது உருக்கினார்கள். அப்புறம் ஈயக் கழிவுகளை, முக்கியமாகப் பழைய கார் பேட்டரிகளை உருக்கி ஈயம் எடுப்பதாக வேலை மாறியது.

1969-இல் மட்டும் அந்தப் புகைபோக்கி வழியாக வெளியேறிய ஈயம் 624 டன். 1982-இல் வடிகட்டிகள் பொருத்திய பின் அளவு இறங்கிக்கொண்டே வந்து, 1999-இல் ஆண்டுக்கு 1.2 டன் என்றானது. வகுத்துப் பார்த்தால் 1969-இல் ஒரே நாளில் போனது சுமார் 1.7 டன். பிற்காலத்தில் ஒரு முழு ஆண்டுக்குப் போனதைவிட அது அதிகம்.

இதன் விளைவு முதலில் மாடுகளிடம் தெரிந்தது. 1970-களின் தொடக்கத்தில் அந்த வட்டாரத்தில் கால்நடைகளுக்கு ஈய நஞ்சேற்றம் பல முறை பதிவானது. குழந்தைகளைப் பரிசோதித்தபோது கிடைத்த எண்கள் இன்னும் கவலை தருபவை. புகைபோக்கியிலிருந்து மூன்று கிலோமீட்டருக்குள் வசித்த பள்ளிப் பிள்ளைகளின் ரத்தத்தில், 1986 முதல் 1990 வரையான காலத்தில், நூறு மில்லிலிட்டருக்குச் சராசரியாக 37.28 மைக்ரோகிராம் ஈயம் இருந்தது. 1992-க்கும் 1994-க்கும் இடையில் அதே பகுதிப் பிள்ளைகளிடம் அது 11.35 ஆகக் குறைந்தது. அன்றைக்கு அமெரிக்காவில் கவலைக்குரிய அளவாக வைத்திருந்தது 10. பெரிய முன்னேற்றம்தான்; ஆனாலும் கோட்டுக்கு மேலேதான் நின்றது.

காற்று சுத்தமானதும் ரத்தத்தில் ஈயம் குறைந்தது. மண்ணுக்கு அந்த வேகம் கிடையாது. காளான் வாழ்வது மண்ணில்.

காட்டுத் தரையில் நடந்தது

ஸ்புரூஸ் என்னும் ஊசியிலை மரம் நல்ல தூசி வடிகட்டி. காற்றில் வரும் ஈயத் துகளை அதன் ஊசியிலைகள் பிடித்து வைத்துக்கொள்ளும். மழை வந்தால் துகள் கீழே இறங்கும், இலை உதிர்ந்தால் இலையோடு விழும். அதனால் பக்கத்து வயலைவிடக் காட்டுத் தரையில் ஈயம் அதிகமாகச் சேர்ந்தது. வயலை ஆண்டுதோறும் உழுகிறார்கள். மேல்மண் கீழே போய்க் கலந்துவிடும். காட்டை யாரும் உழுவதில்லை. ஈயம் மக்கோடு, அதாவது மக்கிய இலைச்சருகோடு, இறுக்கமாகப் பிணைந்து மேலே உள்ள சில சென்டிமீட்டருக்குள்ளேயே தங்கிவிடுகிறது. தலைமுறைகள் போனாலும் அங்கேயே இருக்கும்.

நாம் பறிக்கும் காளான் ஒரு பூஞ்சையின் காய் மாதிரி. உண்மையான உடல், மண்ணுக்குள் சதுர மீட்டர் கணக்கில் பரவிக் கிடக்கும் வெள்ளை இழை வலை. அந்த வலை பல ஆண்டுகள் உயிரோடு இருக்கும். குடை மேலே வந்து நிற்பதோ சில நாள். சின்னக் காளானில் உலோகம் குறைவாக இருக்கும், பெரிய காளானில் அதிகமாக இருக்கும் என்று நினைப்பது இயல்பு. ஆனால் உலோகத்தைச் சேர்த்து வைத்தது இழை வலை. குடை வெளியே வந்த நாட்களை எண்ணி எதுவும் கணிக்க முடியாது.

பூஞ்சை எதைத் தின்கிறது என்பதும் முக்கியம். உதிர்ந்த இலைச்சருகையும் மக்கையும் மக்கவைத்து வாழும் இனங்கள் ஒரு வகை. செக் மக்கள் பெட்லா என்று சொல்லும் பெரிய குடைக்காளான், ஊதா நிறத்தில் இலையுதிர் காலத்தில் வரும் லெப்பிஸ்டா நூடா, புல்வெளியிலும் மரத்தடியிலும் முளைக்கும் அகாரிகஸ் இனங்கள் எல்லாம் இந்த வகை. ஈயம் எந்த அடுக்கில் குவிந்திருக்கிறதோ அந்த அடுக்கேதான் இவற்றின் சாப்பாட்டுத் தட்டு. மர வேரோடு கூட்டு வைத்து வாழும் போலீட்டஸ் மாதிரியானவை இன்னொரு வகை; ஈயத்தைப் பொறுத்தவரை அவற்றில் பொதுவாக அளவு குறைவு.

ப்ஷிப்ராம் உருக்காலையைச் சுற்றியுள்ள காளான்களில் ஈயம், காட்மியம், பாதரசம், செம்பு ஆகியவற்றை அளந்து, தெற்கு பொஹீமியாவின் செஸ்கே புத்யெயோவிட்சே நகரத்து வேதியியலாளர் பவெல் கலாச்சும் அவரோடு வேலை செய்தவர்களும் 1991-இல் முடிவுகளை வெளியிட்டார்கள். ஈயம் தூக்கலாக நின்றது இலைச்சருகு தின்னும் இனங்களில்தான், குறிப்பாக லெப்பிஸ்டா நூடாவிலும் குடைக்காளானிலும். அந்த வட்டாரத்தில் அவற்றைச் சாப்பிடுவதைக் கட்டுப்படுத்த வேண்டும் என்பது அவர்கள் வந்த முடிவு. பின்னாளில் ப்ராக் ஆய்வாளர்கள் ஈய ஐசோடோப்பு விகிதத்தை, அதாவது எடை வேறுபட்ட ஈய அணுக்கள் எந்த விகிதத்தில் கலந்திருக்கின்றன என்பதை, அளந்து பார்த்தார்கள். ஒவ்வொரு தாதுக்கும் பெட்ரோல் புகைக்கும் பேட்டரிக்கும் அந்த விகிதம் வேறுபடும்; கைரேகை மாதிரி. அந்தக் காட்டுக் காளானில் இருந்தது உருக்காலையின் கைரேகை.

கலாச்சின் குழு 1990-களில் கிழக்கே ஸ்லோவாக்கியாவுக்கும் போனது. ஸ்பிஷ் பகுதியில் குரோம்பாகியில் செம்பு உருக்காலை, ருத்னானியில் பாதரச ஆலை. அங்குள்ள காளான்களில் பாதரசம், சுத்தமான காடுகளில் காண்பதைப்போலப் பல மடங்கு இருந்தது. ஊர் மாறியது, உலோகம் மாறியது. மற்றபடி கதை அதேதான்.

காட்மியம் வேறு மாதிரி

இதுவரை சொன்னதைப் படித்துவிட்டு, ஆலை இல்லாத காட்டில் பொறுக்கினால் பயமில்லை என்று ஒருவர் முடிவு கட்டலாம். ஈயத்துக்குப் பெரும்பாலும் அது பொருந்தும். காட்மியத்துக்குப் பொருந்தாது.

அகாரிகஸ் குடும்பத்தில், கடையில் வாங்கும் மொட்டுக்காளானின் உறவுக்காரர்கள் சிலர் இருக்கிறார்கள். தொட்டால் மஞ்சளாகி, பெருஞ்சீரகம் மாதிரி மணக்கும் காட்டு இனங்கள். சமைத்தால் ருசி பிரமாதம். இவை எந்த ஆலையும் இல்லாத சாதாரண மண்ணிலிருந்தே காட்மியத்தை இழுத்துச் சேர்க்கும். மற்றக் காளான்களில் உலர் எடையில் கிலோவுக்குச் சில மில்லிகிராம் இருக்கும் இடத்தில், இவற்றில் பத்துக் கணக்கில் இருக்கும். சில சமயம் நூறைத் தாண்டும். அகாரிகஸ் மேக்ரோஸ்போரஸ் என்ற இனத்தில் காட்மியத்தைப் பிடித்து வைக்கும் ஒரு புரதத்தையே ஜெர்மன் ஆய்வாளர்கள் 1980-களில் பிரித்தெடுத்தார்கள். பூஞ்சைக்கு இதனால் என்ன லாபம் என்பது தனிக் கதை. சாப்பிடுகிறவருக்கு லாபம் ஒன்றும் இல்லை.

காட்மியம் சிறுநீரகத்தில் போய் உட்கார்ந்தால், பாதி வெளியேறவே பத்து முதல் முப்பது ஆண்டு ஆகும். இன்றைக்குச் சாப்பிட்டு நாளைக்கு வாந்தி, வயிற்றுப்போக்கு என்று எதுவும் வராது. அதுவே இதன் ஆபத்து. விஷக் காளான் சாப்பிட்டவர் ஆஸ்பத்திரிக்கு ஓடுவார், செய்தி பரவும், ஊர் எச்சரிக்கையாகும். காட்மியம் சேர்த்தவருக்கு ஒரு செய்தியும் வராது. உடம்பில் இரும்புச்சத்து குறைந்தால் குடல் காட்மியத்தைக் கூடுதலாக உறிஞ்சும். ரத்தசோகை உள்ள பெண்கள் இதைத் தனியாகக் கவனிக்க வேண்டும்.

கணக்கும் சட்டமும்

இந்த இடத்தில் கொஞ்சம் எண்கள் வேண்டும். பொறுமையாகப் படிக்கக் கேட்டுக்கொள்கிறேன், ஏனென்றால் குழப்பம் பெரும்பாலும் இங்கேதான் நடக்கிறது.

ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2009-இல் காட்மியத்துக்கு வைத்த எல்லை, உடல் எடை கிலோ ஒன்றுக்கு வாரம் 2.5 மைக்ரோகிராம். 60 கிலோ ஆளுக்கு வாரத்துக்கு 150 மைக்ரோகிராம். 20 கிலோ குழந்தைக்கு 50.

ஐரோப்பிய ஒன்றியத்தில் காட்டுக் காளானுக்குக் காட்மிய வரம்பு முன்பு பச்சை எடையில் (உலர்த்தாத காளானின் எடையில்) கிலோவுக்கு 1 மில்லிகிராமாக இருந்தது. 2021-இல் அதை 0.5 ஆகக் குறைத்தார்கள். ஜெர்மனியில் பல ஆண்டுகளாகச் சொல்லிவரும் அறிவுரை, பெரியவர்கள் காட்டுக் காளானை வாரத்துக்கு 250 கிராமுக்கு மேல் வழக்கமாகச் சாப்பிட வேண்டாம் என்பது. இரண்டையும் சேர்த்துப் பாருங்கள். வரம்பைச் சரியாகத் தொடும் காளானைக் கால் கிலோ சாப்பிட்டால் 125 மைக்ரோகிராம், 150-க்குச் சற்றுக் கீழே. பழைய வரம்பின்படி என்றால் 250, எல்லையைத் தாண்டிவிடும். வரம்பைப் பாதியாக்கியது சரியான முடிவு என்று நான் நினைப்பதற்கு இந்தக் கணக்கே காரணம். அதிலும், ஐரோப்பாவில் ஒரு சராசரி மனிதர் ரொட்டி, உருளைக்கிழங்கு, காய்கறி வழியாகவே அந்த வார எல்லைக்குப் பக்கத்தில் ஏற்கெனவே நிற்கிறார். காளான் அதற்கு மேலே வருகிறது.

இப்போது பெருஞ்சீரக மணமுள்ள அந்த அகாரிகஸை எடுத்துக்கொள்வோம். உலர் எடையில் கிலோவுக்கு 50 மில்லிகிராம் என்று வைத்துக்கொள்ளுங்கள். காளானில் பத்தில் ஒன்பது பங்கு தண்ணீர். 250 கிராம் பச்சைக் காளான் உலர்ந்தால் 25 கிராம். அதில் காட்மியம் 1250 மைக்ரோகிராம். 60 கிலோ ஆளுக்கு எட்டு வாரத்து அளவு ஒரே தட்டில். உடல் முழுவதையும் உறிஞ்சிக்கொள்ளாது, பெரும்பகுதி மலத்தோடு போய்விடும் என்பது உண்மை. ஆனால் வார எல்லையை வகுக்கும்போதே அதையும் கணக்கில் எடுத்துத்தான் வகுத்திருக்கிறார்கள். இரண்டாவது தடவை அதற்குத் தள்ளுபடி கேட்க முடியாது.

ஈயத்துக்கு வரம்பு காட்டுக் காளானில் பச்சை எடையில் கிலோவுக்கு 0.80 மில்லிகிராம். உலர் எடைக்கு மாற்றினால் சுமார் 8. ஆய்வுக் கட்டுரைகள் அநேகமாக எல்லாமே உலர் எடையில் எழுதப்படுகின்றன. சட்டம் பச்சை எடையில் பேசுகிறது. இதைக் கவனிக்காமல் 5 மில்லிகிராம் ஈயம் என்று ஆய்வில் வந்ததை 0.80 வரம்போடு ஒப்பிட்டு ஆறு மடங்கு என்று எழுதினால் அது தவறான பீதி. மாறாக, உலர்ந்த காளான் பொட்டலத்தைப் பச்சைக் காளான் மாதிரி நினைத்துக் கை நிறைய அள்ளிப் போடுவது தவறான தைரியம். ஈயத்தைப் பொறுத்தவரை இன்னொன்றும் உண்டு: இதற்குமேல்தான் கெடுதல் என்று சொல்லும்படியான ஓர் அளவைக் காட்ட முடியாது என்பதால் பழைய வார எல்லையையே 2010-இல் சர்வதேச நிபுணர் குழு திரும்பப் பெற்றுவிட்டது. குழந்தைகளின் மூளை வளர்ச்சி இதில் சம்பந்தப்பட்டிருக்கிறது.

அடுப்படியில்

பெட்லாவை எப்படிச் சமைக்கிறார்கள் தெரியுமா? தண்டு நாராக இருக்கும், அதைக் கழித்துவிடுவார்கள். உள்ளங்கையைவிடப் பெரிதாக விரிந்த குடைத் தலையை முழுசாக எடுத்து, மாவில் புரட்டி, முட்டையில் தோய்த்து, ரொட்டித் தூளில் அழுத்தி, எண்ணெயில் பொன்னிறமாகப் பொரிப்பார்கள். ஒரு தலையே தட்டை அடைத்துக்கொள்ளும். பொதுவாகக் காளானில் உலோகம் தண்டைவிடத் தலையில் அதிகம், அதிலும் அடிப்பக்கத்துச் செவுள் மடிப்புகளில் அதிகம். கழித்தது குறைவாக உள்ள பாகம், பொரித்தது கூடுதலாக உள்ள பாகம். பொரிப்பதால் உலோகம் எங்கும் போகாது. தண்ணீர் வற்றுவதால் அதே உலோகம் கொஞ்சம் சதைக்குள் சுருங்கி நிற்கும், அவ்வளவுதான்.

கொதிக்க வைத்தால்? இதையும் கலாச்சோடு வேலை செய்தவர்கள் சோதித்து 2002-இல் வெளியிட்டார்கள். பழுப்பு நிற ஸீரோகோமஸ் காளானை ஊறவைத்தும் வேகவைத்தும் பார்த்ததில், தண்ணீரில் அதிகம் இறங்கியது காட்மியம், அடுத்தது ஈயம், பாதரசம் மிகக் குறைவு. ஆக, வேகவைத்து வடித்தால் ஓரளவு பலன் உண்டு. ஆனால் செக் சமையலில் வடிக்கிற பழக்கம் எங்கே இருக்கிறது? குலைதா என்பது காளானும் உருளைக்கிழங்கும் பாலேடும் சதகுப்பைக் கீரையும் போட்ட சூப். அந்தத் தண்ணீரைத்தான் குடிக்கிறார்கள். கிறிஸ்துமஸுக்கு முந்தைய இரவு செய்யும் கூபாவில் உலர்ந்த காளானை ஊறவைத்து வாற்கோதுமையோடு வேகவைக்கிறார்கள். ஊறிய தண்ணீரில் மணம் இருக்கிறதென்று அதையும் ஊற்றிவிடுவார்கள். இறங்கிய உலோகமும் தட்டுக்கே திரும்பிவிடுகிறது. நம் வீட்டிலும் காளான் ரசம் வைத்தால் அதே கணக்குதான்.

கழுவுவது நல்லது, மேலே ஒட்டிய மண்ணும் தூசியும் போகும். உள்ளே போனது போகாது.

யார் கவலைப்பட வேண்டும்

ஆண்டுக்கு ஐந்து கிலோ பொறுக்கும் சராசரிக் குடும்பம், ஆலை இல்லாத காட்டில் போலீட்டஸும் மஞ்சள் நிற சாந்தரெல்லும் எடுத்தால் நிம்மதியாகச் சாப்பிடலாம் என்பதே என் கணிப்பு. காட்டில் நடப்பதும் குடும்பத்தோடு கூடை நிரப்புவதும் தரும் மகிழ்ச்சியை யாரும் பயமுறுத்திப் பறிக்கக் கூடாது. சிக்கல், தினமும் போகிறவர்களிடம். ஓய்வு பெற்று, உருக்காலை ஊரிலேயே தங்கி, கிடைப்பதை உலர்த்தி வைத்து ஆண்டு முழுக்கச் சாப்பிடுகிற பெரியவர். அவர் வீட்டுக்கு வாரா வாரம் வரும் பேரக்குழந்தை. அவர் மகள் கர்ப்பமாக இருந்தால் அவள். கர்ப்பிணிகள் காட்டுக் காளானைத் தவிர்த்துவிடலாம் என்றும், குழந்தைகளுக்கு அளவை உடல் எடைக்கேற்பக் குறைக்க வேண்டும் என்றும் ஜெர்மனியில் சொல்வது இவர்களை நினைத்துத்தான்.

ஜெர்மனியிலும் சுவிட்சர்லாந்திலும் குடியேறிய ஈழத்தமிழர் வீட்டுப் பிள்ளைகள் பலர், பள்ளி நண்பர்களோடு காளான் காட்டுக்குப் போய்ப் பழகியவர்கள். சுவிட்சர்லாந்தில் பல ஊர்களில் உள்ளாட்சியே காளான் பரிசோதகரை வைத்திருக்கிறது. தயங்காமல் கொண்டுபோய்க் காட்டலாம். ஆனால் அவர் பார்ப்பதும் இனத்தை மட்டும்தான். கேட்க வேண்டிய இன்னொரு கேள்வியைப் பொறுக்கியவரே கேட்டுக்கொள்ள வேண்டும்: இந்தக் காட்டுக்குப் பக்கத்தில் எப்போதாவது சுரங்கமோ உருக்காலையோ பாதரச ஆலையோ இருந்ததா? இப்போது இருக்கிறதா என்று கேட்டால் போதாது. பரபரப்பான நெடுஞ்சாலை ஓரத்தையும் இதே பட்டியலில் சேர்த்துக்கொள்ளலாம். ஈயம் கலந்த பெட்ரோல் ஓடிய காலத்து மண் அங்கே இன்னும் இருக்கிறது.

பிர்தி மலையின் பெரும்பகுதி நெடுங்காலம் ராணுவத்தின் கையில் இருந்தது. 2016-இல் அது பாதுகாக்கப்பட்ட நிலப்பகுதியாகிப் பொதுமக்களுக்குத் திறந்தது. கூடைகளும் உள்ளே போயின. பெரிய காடு அது, உருக்காலைப் பள்ளத்தாக்கிலிருந்து விலகி நடக்க இடம் தாராளமாக உண்டு. அந்தப் பள்ளத்தாக்குக்குள் இறங்கும் பாதைகளில், எந்த இனங்களை எடுக்க வேண்டாம் என்று படத்தோடு ஒரு பலகை வைக்க அதிகச் செலவாகாது. மண்ணையும் காளானையும் அளந்து முப்பது ஆண்டுக்கு மேலாகிறது; அந்த எண்கள் ஆய்விதழ்களுக்குள்ளேயே இருந்தால் பாட்டிக்கு எப்படித் தெரியும்? பலகை வரும்வரை லிதாவ்காவின் கரையில் கூடையோடு நடப்பவர்கள் பெட்லாவையும் ஊதாக் காளானையும் மஞ்சளாக மாறும் அகாரிகஸையும் பறிக்காமல் விட்டுவிட்டு மேலே ஏறிப் போகட்டும். வீட்டில் சின்னப் பிள்ளை இருந்தால், அந்தப் பள்ளத்தாக்குக் காளான் எதுவுமே அடுப்புக்கு வர வேண்டாம்.